கடைசி முழு அனுமதியாளர்

ஜூலை 1, செவ்வாய்

ராஜினாமாவைக் கொடுத்துவிட்டேன். மேனேஜர் சென்னியப்பன் சார் படித்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடியும் படித்தார்.

"ஏனுங் அரசி, வேற எங்கயாச்சும் சம்பளம் சேத்திக் குடுக்கறாங்களா?"

"இல்லீங் சார். ஊட்டுக்குப் போறனுங்."

அவருக்கு அது விளங்கவில்லை. இந்த ஸ்பின்னிங் மில்லில் பதினான்கு வருடம் இருந்தவள், மில் குவார்ட்டர்ஸிலேயே குடியிருப்பவள், எந்த வீட்டுக்குப் போகப் போகிறாள் என்று நினைத்திருப்பார். வீடு கோயம்புத்தூரில் இருக்கிறது. அங்கே என் வீட்டுக்காரர் தண்டபாணி, ஒரு பம்ப் செட் கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டு சாம்பாரும் வைக்கிறார். மகள் மிருதுளா பத்தாம் வகுப்பு. போன மாதம் அவள் தோழியிடம் போனில் "எங்கம்மா சண்டே அம்மா" என்று சொன்னதைக் கேட்டேன். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கோயம்புத்தூரில் ஒரு ஆஸ்பத்திரியின் சம்பளப் பிரிவில் இடம் கிடைத்திருக்கிறது. ஆகஸ்ட் ஒன்று சேர வேண்டும். இங்கிருந்து ரிலீவிங் ஆர்டர் கொண்டுபோக வேண்டும். அது ஒன்றுதான் பாக்கி.

ஜூலை 3, வியாழன்

மிருதுளாவுக்கு வெள்ளை கேன்வாஸ் ஷூ. ஆறாம் நம்பர். போன வருடம் ஐந்து என்று நினைவு.

ஜூலை 5, சனி

"போறதப் பத்தி ஒண்ணுமில்லீங். நீங்க இல்லாம சம்பளம் ஓடோணும். அதுக்கு வழி பண்ணிப் போட்டுப் போயிக்கோங்" என்றார் சென்னியப்பன் சார்.

வழியையும் அவரே வைத்திருந்தார். முதலாளி ஏதோ கண்காட்சியில் ஏஐ ஏஜென்ட் என்று ஒன்றைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார். ஏஐ என்றால் பேசுவது மட்டும் இல்லையாம், சொன்ன வேலையைத் தானே உட்கார்ந்து செய்யுமாம். எங்கள் சம்பளக் கணக்கெல்லாம் போன வருடமே இன்டர்நெட்டில் உள்ள மென்பொருளுக்குப் போய்விட்டது. கேட்டில் விரல் வைத்தால் அங்கே வருகை ஏறும், மாதக் கடைசியில் அங்கேயே சம்பளம் கணக்காகும். இடையில் நின்று பார்த்துக்கொள்வது நான். இனி அந்த இடத்தில் ஏஜென்ட் நிற்கும். பல்லடத்திலிருந்து கம்ப்யூட்டர்காரர் ஜோயல் வந்து இணைத்துக் கொடுப்பார்.

எனக்குப் பொறாமை இல்லை. என் நாற்காலியில் யார் உட்கார்ந்தால் என்ன, நான் எழுந்தால் போதும்.

ஜூலை 9, புதன்

பொன் கிடைத்தாலும் புதன் கிடைக்காது என்று இன்றைக்கே இணைப்பு. காலண்டரில் நல்ல நேரம் 9.15. ஜோயல் பாவம், 8.50க்கே மடிக்கணினியைத் திறந்துவிட்டார். திரையில் படமும் இல்லை, பொத்தானும் இல்லை. கறுப்பில் வெள்ளை எழுத்து. ஒரு வரி அடித்தால் அது ஒரு வரி பதில் சொல்கிறது. இதற்குப் பெயர் கமாண்ட் லைன்.

8.58க்கு அது எட்டு எழுத்தில் ஒரு குறியீடு கொடுத்தது. அதை மென்பொருளின் பக்கத்தில் போட்டு "அனுமதி" என்று அழுத்த வேண்டும். பத்து நிமிடத்துக்குத்தான் செல்லும்.

"நேரம் வரட்டுமுங்" என்றார் சென்னியப்பன் சார். 9.15க்குத் தேங்காய் உடைத்தார். குறியீடு 9.08க்கே காலாவதி. ஜோயல் இன்னொன்று எடுத்தார். அதற்குள் கற்பூரத்தட்டு மடிக்கணினியைச் சுற்றி வந்தது. எலுமிச்சம்பழத்தை எதற்கடியில் வைத்து நசுக்குவது என்று சின்ன விவாதம் நடந்தது. லாரிக்கு டயர் இருக்கிறது, இதற்கு என்ன இருக்கிறது? கடைசியில் ஜோயலின் பைக் டயரில் வைத்துத் தீர்த்தோம். இரண்டாவது குறியீடும் போயிற்று.

மூன்றாவது எடுக்கும்போது ஜோயல் கேட்டார்: "யார் பேர்ல கட்டறதுங்க சார்? ஏஜென்ட்டுக்குன்னு தனி ஐடி வேணும்னா மாசக் காசு கூடுன திட்டத்துக்கு மாறணும். இல்லீன்னா முழு அனுமதி இருக்கற ஒரு ஆபீசர் ஐடி வேணும். அது செய்யறது எல்லாம் அவங்க செஞ்ச மாதிரி பதிவாகும்."

"என்ற பேரு வேண்டாமுங். அஷ்டமச் சனி நடக்குது. புதுசா எதுலயும் கையெழுத்து வெக்க வேண்டாம்னு ஜோசியர் சொல்லியிருக்கறாரு. அரசி பேரே இருக்கட்டும். இப்போதைக்குத்தானுங்."

என் போனுக்கு ஓடிபி வந்தது. மங்கையர்க்கரசி, பணியாளர் எண் 1107, முழு அனுமதி. அழுத்தினேன். "இணைக்கப்பட்டது" என்று வந்தது. தேங்காய் நன்றாகத்தான் உடைந்திருந்தது.

ஜூலை 11, வெள்ளி

ஏஜென்ட்டுக்கு விதிகள் எழுதினேன். தமிழிலேயே எழுதலாம் என்றார் ஜோயல். மொத்தம் இருபத்திரண்டு. பதினான்காவது:

"தொடர்ந்து பத்து வேலைநாள் வராதவருக்குச் சொல்லாமல் சென்றவர் கடிதம் அனுப்பு. பதிவேட்டிலிருந்து பெயரை நீக்கு. விதிவிலக்கு இல்லை."

அது கேட்டது: "அதிகாரிகளுக்கும் விதிவிலக்கு இல்லையா?"

"யாருக்கும் இல்லை" என்று எழுதினேன். கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. கடிதத்தின் வாசகமும் என்னுடையதுதான், ஆறு வருடத்துக்கு முன் நான் எழுதிக் கொடுத்தது. "வக்கீல் கூட இப்பிடி எழுத மாட்டானுங்" என்று சார் அப்போது பாராட்டினார். மில்லில் பெண்கள் அதை ஓடிப்போன கடிதம் என்பார்கள்.

ஒவ்வொரு வேலைக்கும் "செய்யட்டுமா?" என்று அது கேட்டுக்கொண்டே இருந்தது. நானூறு தடவை ஆம் அடித்து விரல் வலித்தது. கேட்காமல் செய்யும்படி ஜோயல் மாற்றிவிட்டார்.

ஜூலை 14, திங்கள்

மேசை இழுப்பறைகளைக் காலி செய்தேன். எட்டு பேனா, ஆறு எழுதாது. தைலம். "பெறுநர் இல்லை" என்று திரும்பி வந்த ஒரு பதிவுத் தபால்: கோகிலவாணி, கறம்பக்குடி பக்கம். போன வருடம் பஞ்சு குடோனுக்குப் பின்னால் சுவரேறிக் குதித்துப் போன ஹாஸ்டல் பெண். அவள் குதித்ததற்கு நான் என்ன செய்ய முடியும்?

தபாலைக் கிழித்துப் போடலாம் என்று எடுத்தேன். பிறகு மறுபடி உள்ளேயே வைத்துவிட்டேன். ஆபீஸ் காகிதம், கிழிக்கக் கூடாது.

ஜூலை 16, புதன்

சோதனை ஓட்டம் முடிந்தது. ஆயிரத்து முந்நூறு பேருக்கும் சரியாக வந்தது. ஜோயல் கை கொடுத்தார். இனி நான் வேண்டாம். வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன், நன்றாக இருந்தது.

ஜூலை 17, வியாழன்

ஆடி ஒன்று. சார் வரவில்லை, மாமனார் வீட்டில் விருந்தாம். புதுமாப்பிள்ளைக்கு வைக்கிற தலையாடி, ஐம்பத்தைந்து வயதில்.

ஜூலை 21, திங்கள்

என் விடுவிப்பை நானே பதிவு செய்யப் பார்த்தேன். கறுப்புத் திரையில் எழுதினேன்: "பணியாளர் 1107, ஜூலை 31 முதல் விடுவிக்கவும்."

பதில்: "இயலாது. 1107 இந்த நிறுவனத்தின் கடைசி முழு அனுமதியாளர். இவரை விடுவித்தால் ஏஜென்ட்டின் இணைப்பும் அறுந்துவிடும். முதலில் இன்னொரு முழு அனுமதியாளரை நிர்வாகம் நியமிக்க வேண்டும்."

நியாயம்தான். ஒரு கையெழுத்து வேலை. நாளைக்குச் சாரிடம் சொன்னால் முடிந்தது.

ஜூலை 22, செவ்வாய்

முடியவில்லை.

"ஆடில போயி யாரைப் புதுசா நேமிக்கறதுங் அரசி? ஆடி முடியட்டும்."

"சார், ஒண்ணாந்தேதி நான் அங்க சேரோணுமுங்."

"சேந்துக்கலாமுங், எங்க போயிறப் போகுது ஆஸ்பத்திரி? நோயாளி இருக்கற வரைக்கும் இருக்கும்." சிரித்தார். பிறகு குரலை இறக்கிக்கொண்டு, "ஆவணில என்ற பேரும் வெக்க முடியாதுங். சனி விலக இன்னும் பங்குனி ஆகும். பாக்கலாமுங். ஒண்ணும் அவசரமில்லையே?"

ஆடி முடியட்டும். இந்த வார்த்தையை வேறெங்கோ கேட்டிருக்கிறேன். எங்கே என்று யோசிக்க வேண்டாம் என்று வேலையைப் பார்த்தேன்.

ஜூலை 24, வியாழன்

தலைவலி. சும்மா இருக்காமல் ஏஜென்ட்டிடம் கேட்டேன்: இந்த ஆறு வருடத்தில் ஓடிப்போன கடிதம் எத்தனை போயிருக்கிறது?

"212. அனைத்திலும் கையொப்பம்: மங்கையர்க்கரசி."

நான் நூறு இருக்கும் என்று நினைத்திருந்தேன்.

ஜூலை 27, ஞாயிறு

வீடு. குவார்ட்டர்ஸ்காரர்களுக்கு ஞாயிறு மட்டும் கேட் பாஸ், காலை ஆறு முதல் இரவு எட்டு வரை. ஷூ ஆறாம் நம்பர் சின்னதாகிவிட்டது, ஏழு வேண்டும். "பரவால்லம்மா, லேசுதான்" என்று விரலை மடக்கிக்கொண்டு நடந்து காட்டினாள் மிருதுளா.

"ஒண்ணாந்தேதி வந்துருவியாம்மா?"

"ஒரு சின்ன வேலை இருக்குது கண்ணு."

"சரி" என்றாள். நம்பவில்லை. தண்டபாணி பஸ் ஏற்ற வந்தார். "அந்தாள் உன்னை விட மாட்டான்டி. வண்டியில கட்டுன மாடு நான் போறேன்னா எவன் அவுத்து உடுவான்?" என்றார். கோபம் வந்தது. பஸ்ஸில் வழி முழுக்க அழுதேன். எட்டுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது கேட்டுக்குள் வந்து கையெழுத்துப் போட்டேன்.

ஜூலை 29, செவ்வாய்

ஆஸ்பத்திரி சம்பளப் பிரிவின் மெட்டில்டா மேடத்துக்குப் போன் செய்து உள்ளதை உள்ளபடி சொன்னேன். அவரும் இதே வேலை பார்ப்பவர், சுற்றி வளைக்கவில்லை.

"இருபதாம் தேதி வரைக்கும் இடத்தைப் பிடிச்சு வெக்கறேன். ரிலீவிங் ஆர்டர் கெடைக்கலைன்னா அங்க உங்க பேர் இப்ப இல்லைங்கறதுக்கு ஒரு காகிதம் கொண்டாங்க. அது எந்தக் காகிதமா இருந்தாலும் சரி. காரணத்தை நான் எங்க மேனேஜர்கிட்டப் பேசிக்கறேன்."

எந்தக் காகிதமாக இருந்தாலும்.

ஜூலை 30, புதன்

எழுதிவிடுகிறேன். எழுதாமல் தூக்கம் வருகிற மாதிரி இல்லை.

கோகிலவாணி குதிப்பதற்கு முன் மூன்று தடவை என் மேசைக்கு வந்தாள். மூன்று வருடம் முடித்தால் மொத்தமாகப் பணம் தரும் திட்டத்தில் சேர்ந்தவள், இரண்டேகால் வருடம் ஆகியிருந்தது. நர்சிங் பயிற்சியில் இடம் கிடைத்திருந்தது. "ரிலீவிங் ஆர்டர் ஒண்ணு குடுத்தீங்கன்னா போதும் மேடம், மிச்சப் பணம்கூட வேணாம்" என்றாள். முதல் தடவை, திட்டம் முடியாமல் தர விதியில்லை என்றேன். இரண்டாவது தடவை, சாரைக் கேட்கிறேன் என்றேன். கேட்கவில்லை. மூன்றாவது தடவை வந்தபோது நான் ஆடித் தள்ளுபடியில் எடுத்த புடவைக்கு ஃபால்ஸ் தைக்கக் கொடுப்பது பற்றிப் போனில் பேசிக்கொண்டிருந்தேன். போனைக் கையால் மூடிக்கொண்டு, "ஆடி முடியட்டும் போ" என்றேன்.

அவளும் "சரிங்க மேடம்" என்றுதான் சொன்னாள். ஹாஸ்டல் பெண்களைக் கேட்டில் தனியாக வெளியே விட மாட்டார்கள். நாலாவது நாள் சுவர். காலில் எலும்பு விட்டுவிட்டது என்று ஹாஸ்டலில் பேசிக்கொண்டார்கள். பத்து வேலைநாள் எண்ணி நான் கடிதம் அனுப்பினேன். ஒரு நாள் முன்னே பின்னே இல்லை, சரியாக எண்ணினேன்.

வேறெங்கோ கேட்டேன் என்று எழுதியிருக்கிறேனே, என் வாயில்தான் கேட்டேன்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

ஆடி வெள்ளி. மில் அம்மன் கோயிலில் கூழ் ஊற்றினார்கள். இன்று நான் சேர்ந்திருக்க வேண்டிய நாள்.

ஆகஸ்ட் 2, சனி

ஜூலை சம்பளத்தை ஏஜென்ட்டோடு உட்கார்ந்து முடித்தேன். எல்லோர் கணக்குக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. ஒரு பெயரும் விடவில்லை என்று இரண்டு தடவை பார்த்தேன். அடுத்த சம்பளத்துக்கு ஒரு மாதம் இருக்கிறது. அதற்குள் ஆவணி பிறந்துவிடும்.

அதற்குப் பிறகு கேட்டேன்: "1107 பத்து வேலைநாள் வராவிட்டால்?"

"விதி 14 பொருந்தும். கடிதம் அனுப்பப்படும், பெயர் நீக்கப்படும், இணைப்பு முடியும். கடைசி முழு அனுமதியாளருக்கும் இந்த விதியில் விலக்கு இல்லை என்று ஜூலை 11 அன்று உறுதி செய்தீர்கள்."

ஒரு ஆபீசர் சொல்லாமல் போவாள் என்று யாரும் நினைக்கவில்லை. நானும்தான் நினைக்கவில்லை.

பதினான்கு வருடம் ஒரு நாள் தாமதமாக வந்ததில்லை. என் பெயருக்கு நேராக அந்த வார்த்தை ஏறும். நாளைக்கு இங்கே யாராவது என் பெயரைச் சொன்னால் "ஓடிப்போயிட்டாங்க" என்பார்கள். ரொம்ப நேரம் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு இன்னொன்றும் எழுதினேன்: கோகிலவாணியின் பதிவைச் சொல்லாமல் சென்றவர் என்பதிலிருந்து விடுவிக்கப்பட்டவர் என்று மாற்று. விடுவிப்புக் கடிதம் தயார் செய்.

"மாற்றத்துக்கான காரணம்?"

"கேட்டாள். கொடுக்கவில்லை."

ஏற்றுக்கொண்டது. கடிதத்தைக் கொடுத்துவிட்டுச் சொன்னது: "இதே நிலையில் மேலும் 211 பேர் உள்ளனர். அவர்களுக்கும் இதே காரணமா?"

எத்தனை பேர் கேட்டார்கள், எத்தனை பேர் கேட்கவே பயந்தார்கள், எனக்குத் தெரியாது. நான் யாரிடமும் விசாரித்ததில்லை. "தெரியாது" என்று எழுதிவிட்டு மூடினேன். கோகிலவாணியின் கடிதத்தை அச்செடுத்து, அந்தப் பழைய கவரில் இருந்த முகவரியையே புது கவரில் எழுதி, தபால்காரர் கூப்பிட்டுப் பார்க்கட்டும் என்று பதிவில் இருந்த அவள் அலைபேசி எண்ணையும் சேர்த்தேன்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

காலை ஆறு மணி. ஞாயிற்றுக்கிழமைப் பை ஒன்றுதான் எடுத்தேன். இரண்டு எடுத்தால் கேட்டில் கேள்வி வரும். குக்கர், மிக்ஸி, பீரோ எல்லாம் அங்கேயே. கோகிலவாணியும் ஒரு பையோடுதான் போயிருப்பாள். எனக்காவது கேட் இருந்தது.

வாட்ச்மேன் மாரப்பன் பாஸைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார்.

"பொழுதோட எட்டுக்குள்ள வந்துருவீங்களாங்?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. பாஸில் திரும்பி வந்த நேரம் எழுதும் கட்டத்தில் அவரே ஒரு கோடு போட்டுவிட்டு, "பாத்துப் போங்கம்மிணி" என்றார்.

பஸ் நிறுத்தத்துக்கு எதிரில் இருந்த தபால் பெட்டியில் கவரைப் போட்டேன்.

ஆகஸ்ட் 4, திங்கள்

காலை ஏழுக்கு மிருதுளாவுக்குத் தலை பின்னிவிட்டேன். "இன்னைக்கி திங்கக்கெழமைம்மா" என்றாள், நான் மறந்துவிட்டதாக நினைத்து.

ஆகஸ்ட் 6, புதன்

சென்னியப்பன் சார் பதினொரு தடவை அழைத்தார். பன்னிரண்டாவதை எடுத்தேன். "ஏனுங் அரசி, நீங்களே இப்பிடிப் பண்ணலாமுங்களா? படிச்சவங்க" என்றார். நான் ரிலீவிங் ஆர்டர் கேட்டேன். ஆடி என்றார். வைத்துவிட்டேன்.

ஆகஸ்ட் 9, சனி

ஜோயல் போன் செய்தார்: "மேடம், அது உங்களை எண்ணிட்டு இருக்குது. ஆறு நாள்ங்குது."

"சார் நிறுத்தச் சொன்னாராப்பா?"

"சொன்னாரு. எப்படி நிறுத்தறதுன்னு எனக்குத் தெரியலைன்னு சொல்லிட்டேன் மேடம்." தெரியாமலா இருக்கும்? வாய்விட்டு நன்றி சொன்னால் அவருக்குச் சங்கடம் என்று, வீட்டில் எல்லோரும் சௌக்கியமா என்று கேட்டேன்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

எட்டு. ஷூ மாற்றினோம். ஏழாம் நம்பர்.

ஆகஸ்ட் 14, வியாழன்

பத்து. இப்போதுகூடத் திரும்பிப் போய் விரல் வைத்தால் எண்ணிக்கை சுழியாகிவிடும், எனக்குத் தெரியும். நாள் முழுக்க வீட்டைத் துடைத்தேன். துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தேன்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

பதிவுத் தபால் வந்தது. ஆடி முப்பத்தொன்றாம் நாள் அனுப்பப்பட்டிருக்கிறது. ஆடி முடிவதற்குள்ளேயே என்னை விட்டுவிட்டது.

மாவு கையோடு இருந்ததால் மிருதுளாவைப் பிரித்துப் படிக்கச் சொன்னேன். பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிக்கிற குரலில் ஆரம்பித்தாள். பத்து வேலைநாள் வராதது, பெயர் நீக்கம் எல்லாம் வந்தது. அதுதான் எனக்கு வேண்டிய காகிதம், நாளைக்கு மெட்டில்டா மேடத்திடம் கொடுக்கலாம். போதும் கண்ணு என்றேன். அவள் நிறுத்தவில்லை.

"'தங்களை நம்பி வேலை கொடுத்த நிறுவனத்துக்கு ஒரு வார்த்தை சொல்லாமல் சென்ற தங்கள் செயல், தங்களை வளர்த்து ஆளாக்கியவர்களுக்கு எத்தகைய பெருமையைத் தேடித் தரும் என்பதைத் தாங்களே எண்ணிப் பார்க்கவும்.'"

முகம் சிவந்துவிட்டது அவளுக்கு. "யாரும்மா இது? உன்னையப் பாத்து இப்பிடி எழுத இவங்க யாரு? ஒரு மாசம் முன்னாடியே நீ லெட்டர் குடுத்தியல்ல?"

பேரைப் பார்க்கத் தாளின் அடிக்கு வந்தாள். கடித எண் 213. அதற்குக் கீழே கையெழுத்து. என் கையெழுத்து அவளுக்குத் தெரியும், மார்க் ஷீட்டில் பார்க்கிறதுதானே.

"இது நீ எழுதினதாம்மா?"

"ஆமா."

"எல்லாருக்கும் இதேதானா?"

"ஆமா."

தாளைத் திருப்பி நம்பரை மறுபடி பார்த்தாள். அவளுக்குக் கணக்கு நன்றாக வரும்.

"மத்த இருநூத்திப் பன்னெண்டு ஊட்லயும் இத யாரும்மா படிச்சுக் காட்டியிருப்பாங்க?"

நான் கையைக் கழுவிக்கொண்டு வந்து தாளை வாங்கி மடித்து, நாளைக்குக் கொண்டுபோக வேண்டிய பையில் வைத்தேன்.